செல்லாத திருமணங்களின் ராஜ்ஜியம்: லியோனின் ராணிகள்

இன்றைய ஸ்பெயினின் வடமேற்கில் இருந்த லியோன் ராஜ்ஜியத்தின் அரசர் பட்டியல் 910இல் தொடங்கி 1230இல் முடிகிறது. வழக்கமாக இடப்பக்கம் அரசரின் பெயரும் ஆண்ட வருடங்களும் இருக்கும். வலப்பக்கம் அவருடைய ராணியின் பெயர், மணமான ஆண்டு, இறந்த ஆண்டு. பலர் இடப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வலப்பக்கத்தைப் பட்டும் படாமலும் கடந்துவிடுவார்கள். லியோன் விஷயத்தில் அப்படிச் செய்தால் ஒன்றும் புரியாது. எந்தக் கோட்டை யார் கைக்குப் போனது, எந்தப் பிள்ளைக்கு உரிமை இருந்தது, கடைசியில் ராஜ்ஜியமே ஏன் பக்கத்து ராஜ்ஜியமான காஸ்திலுக்குள் கரைந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் வலப்பக்கத்தில்தான் கிடக்கிறது. பிழைகள் அதிகம் மலிந்திருப்பதும் அங்கேதான்.

முதல் நூறு வருடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். லியோனுக்கு முந்தைய ராஜ்ஜியமான அஸ்தூரியாஸின் அரசர் மூன்றாம் அல்ஃபோன்ஸோவை 910இல் அவருடைய பிள்ளைகளே இறக்கிவிட்டார்கள். மூத்தவன் கார்சியா, லியோன் நகரத்தைத் தலைநகராக்கிக்கொண்டான். அதன்பின் அண்ணன் தம்பிச் சண்டைகள், மடத்துக்கு அனுப்பப்பட்ட அரசர்கள், நாற்காலியைப் பறிகொடுத்து மீட்டவர்கள். அவர்களில் ‘குண்டன்’ என்று பெயர் வாங்கிய முதலாம் சாஞ்சோ ஒருவர். குதிரை ஏற முடியாத உடம்பு என்று 958இல் துரத்தப்பட்டார். நவார்ரேயின் ராணியான பாட்டி தோதா அவரை முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான கோர்தோபாவுக்கு அழைத்துப்போய், கலீபாவின் யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்திடம் வைத்தியம் பார்க்கவைத்து, முஸ்லிம் படையின் துணையோடு திரும்ப அரியணையில் ஏற்றினாள். ஒரு பாட்டி நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 10ஆம் நூற்றாண்டில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பட்டியலின் வலப்பக்கம் உண்மையில் கனக்கத் தொடங்குவது சாஞ்சாவில்தான். 1037 செப்டம்பரில் தமரோன் போரில் லியோன் அரசர் மூன்றாம் பெர்முதோ பிள்ளையில்லாமல் இறந்தார். அவரை எதிர்த்து நின்றவர் காஸ்திலின் பிரபு பெர்னாண்டோ, பெர்முதோவின் சகோதரி சாஞ்சாவின் கணவர். மைத்துனனைக் கொன்ற போரில் வென்றவருக்கு லியோன் மீது சொந்த உரிமை எதுவும் இல்லை. உரிமை மனைவிக்கு. 1038 ஜூன் 22 அன்று லியோன் பேராலயத்தில் அவர் முடிசூடியது அவள் வழியாகத்தான். இன்றைய பட்டியல்கள் பெர்னாண்டோவை ‘அரசர்’ என்றும் சாஞ்சாவை ‘அரசரின் மனைவி’ என்றும் போடுகின்றன. அக்காலத்துப் பொருள்கள் அவ்வளவு தெளிவாகப் பிரிப்பதில்லை. 1063இல் இருவரும் லியோனின் சான் இசிதோரோ ஆலயத்துக்குக் கொடுத்த யானைத்தந்தச் சிலுவை இப்போது மாட்ரிட் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரை மீட்டரைச் சற்றே தாண்டும் உயரம். கிறிஸ்துவின் காலடியில் ‘பெர்னாண்டோ அரசர், சாஞ்சா அரசி’ என்று இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ‘மனைவி’ என்ற சொல் அங்கே இல்லை.

அடுத்தது தேதி. இதில் இடறாதவர்கள் குறைவு. லியோனின் சாசனங்கள் கிறிஸ்து ஆண்டைப் போடுவதில்லை. ஸ்பானிய சகாப்தத்தைப் போடுகின்றன. அதிலிருந்து 38ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். சகாப்தம் 1226 என்றால் 1188, சகாப்தம் 1268 என்றால் 1230. கழித்தல் எளிது, இலக்கத்தைப் படிப்பதுதான் கஷ்டம். அந்தக் காலத்து எழுத்தர்கள் ரோமன் எண்களில் 40ஐ எழுத எக்ஸ் எழுத்தின் மேல்முனையில் ஒரு சிறு வாலை இழுத்துவிடுவார்கள். வால் இருந்தால் 40, இல்லாவிட்டால் 10. எழுதிய தோல் மங்கியிருந்தாலோ, நகலெடுத்தவர் கவனிக்காமல் விட்டாலோ 30 வருடம் பின்னால் போய்விடும். பெர்னாண்டோ, சாஞ்சாவின் மகன் ஆறாம் அல்ஃபோன்ஸோ இறந்து அவர் மகள் உர்ராகா அரியணை ஏறிய 1109ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சகாப்தக் கணக்கில் 1147. வாலைத் தவறவிட்டால் 1117, அதாவது கி.பி. 1079. உர்ராகாவின் தாய் கான்ஸ்டன்ஸ் பர்கண்டியிலிருந்து கல்யாணப்பெண்ணாக வந்த சமயம் அது! மகளுடைய சாசனம் தாயின் கல்யாணக் காலத்துக்குப் போய்விடும். ஒரு ராணியின் பெயர் அவள் காலத்துக்கு முன்பே ஒரு சாசனத்தில் தென்பட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வாலைத்தான்.

ராணிகளின் காலத்தைக் கணிப்பதற்கான முக்கிய வழியும் சாசனம்தான். 12ஆம் நூற்றாண்டு லியோன் சாசனம் ஒன்றைப் பிரித்தால், கொடுப்பவர் அரசர். அவர் பெயரை ஒட்டியே ‘என் மனைவி ராணி இன்னாருடன் சேர்ந்து’ என்ற தொடர் வரும். கீழே நடுவில் ஒரு வட்டம், அதற்குள் சிங்கம். வட்டத்தின் இருபுறமும் ஆயர்களும் பிரபுக்களும் வரிசையாக உறுதிசெய்திருப்பார்கள். ‘மனைவியுடன்’ என்ற அந்தத் தொடர் எந்தச் சாசனத்தில் முதலில் வருகிறது, எதில் கடைசியாக வருகிறது என்று குறித்துக்கொண்டால் ராணியின் காலம் ஏறத்தாழப் பிடிபடும். திருமண நாள் எந்த நூலிலும் இல்லாதபோது இதை விட்டால் வேறு வழியில்லை. ஒரு சாசனத்தில் பெயர் விடுபட்டதை மட்டும் வைத்து ராணி இறந்துவிட்டாள் என்று முடிவுகட்டக் கூடாது. எழுத்தர் அவசரத்தில் விட்டிருக்கலாம். தொடர்ந்து நாலைந்தில் இல்லாமல் போனால்தான் யோசிக்க வேண்டும்.

கல்வெட்டை நம்பலாமே என்று தோன்றும். நம்பினால் ஆறாம் அல்ஃபோன்ஸோவின் மனைவியரில் மாட்டிக்கொள்வீர்கள். ஓவியேதோ ஆயர் பெலாயோ அவருக்கு ஐந்து மனைவியர், இரண்டு ஆசைநாயகியர் என்று கணக்குக் கொடுக்கிறார். மனைவியரில் ஒருத்தி இசபெல். ஆசைநாயகியரில் ஒருத்தி சைதா என்ற முஸ்லிம் பெண். ஞானஸ்நானம் பெற்று அவளும் இசபெல் ஆனாள். இசபெல் என்று இருவரா, ஒருத்திதானா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சான் இசிதோரோவில் இருந்த ஒரு கல்லறை வாசகம் இசபெல்லை ‘பிரான்ஸ் அரசர் லூயியின் மகள்’ என்கிறது. கணக்கு உதைக்கிறது: 1060 முதல் 1108 வரை பிரான்ஸை ஆண்டவர் முதலாம் பிலிப், லூயி அல்ல. சைதாவை செவில் அரசரின் மகள் என்றும் நெடுநாள் எழுதிவந்தார்கள். அரபு வரலாற்றாசிரியர் இப்னு இதாரியின் குறிப்பு 20ஆம் நூற்றாண்டில் கவனத்துக்கு வந்த பிறகுதான் அவள் மகள் அல்ல, மருமகள் என்று தெரிந்தது. செவில் அரசர் அல் முத்தமிதின் மகனும் கோர்தோபாவை ஆண்டவருமான ஃபத்ஹ் அல் மாமூனின் மனைவி அவள். பெலாயோவும் லேசுப்பட்டவர் அல்ல. தன் மறைமாவட்டத்துக்குச் சாதகமாகப் பழைய ஆவணங்களைத் திருத்தியவர் என்று பேர்போனவர். அவர் கொடுக்கும் பெயர்களைப் பயன்படுத்தலாம். எது முறையான கல்யாணம், எது இல்லை என்று அவர் கொடுக்கும் சான்றிதழை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி மையமான விஷயம், உறவுமுறை. இதைக் கணக்கிடக் கற்றுக்கொண்டால் லியோன் வரலாற்றில் பாதி கைவசமாகிவிடும்.

1215 வரை கத்தோலிக்கத் திருச்சபை ஏழாம் படிவரை உள்ள உறவினர் மணப்பதைத் தடைசெய்திருந்தது. அந்த ஆண்டு நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதை நான்காக இறக்கியது. படியை எண்ணுவது இப்படி. இருவருக்கும் பொதுவான மூதாதையைக் கண்டுபிடியுங்கள். அவரை எண்ணாமல் விட்டுவிட்டு, அவருடைய பிள்ளைகளை ஒன்று என்று வைத்து இருபுறமும் கீழே இறங்குங்கள். இருபுறமும் ஒரே எண் வந்தால் அதுதான் படி. வேறுபட்டால் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய ரோமானியச் சட்டம் இரண்டு பக்கத்தையும் கூட்டிவிடும்; அந்தக் கணக்கையும் இந்தக் கணக்கையும் கலந்துவிட்டால் இரண்டாம் படி நான்காம் படியாகத் தெரியும். இணையத்தில் பல வம்சாவளிப் பக்கங்கள் சறுக்குவது இங்கேதான்.

இதை லியோனில் போட்டுப் பாருங்கள். உர்ராகா 1109இல் மணந்த அரகோன் அரசர் முதலாம் அல்ஃபோன்ஸோவுக்கும் அவளுக்கும் நவார்ரேயின் மூன்றாம் சாஞ்சோ பொது மூதாதை, மூன்றாம் படி. பின்னாளில் லியோன் அரசர் இரண்டாம் பெர்னாண்டோ 1165இல் மணந்த போர்ச்சுகல் இளவரசி உர்ராகாவும் அவரும் ஆறாம் அல்ஃபோன்ஸோ வழியாக மூன்றாம் படி. அவர்கள் மகன் ஒன்பதாம் அல்ஃபோன்ஸோவும் போர்ச்சுகலின் தெரேசாவும் இரண்டாம் படி. அதே அல்ஃபோன்ஸோவும் காஸ்திலின் பெரெங்கேலாவும் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று. நான்கு கல்யாணமும் செல்லாது என்று முடிந்தவை.

தெரிந்தே ஏன் இப்படி? லியோன், காஸ்தில், போர்ச்சுகல், நவார்ரே, அரகோன் எல்லாமே 12ஆம் நூற்றாண்டில் ஒரே குடும்பத்தின் கிளைகள். ஏழு படி என்ற வேலிக்கு வெளியே, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய தீபகற்பத்துக்குள் அரசகுலப் பெண் கிடைப்பதே அரிது. வெளியே போய்ப் பெண் எடுக்கலாம்; அரசி உர்ராகாவின் மகன் ஏழாம் அல்ஃபோன்ஸோ இரண்டாம் தாரமாக 1152இல் போலந்திலிருந்து ரிச்சேசாவைக் கொண்டுவந்தார். இல்லாவிட்டால் உள்ளூர்ப் பிரபுக்களிடம் இறங்கலாம். இரண்டாம் பெர்னாண்டோவின் அடுத்த இரண்டு மனைவியரும் திராபா, ஆரோ என்ற பிரபுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆனால் போலந்துக்காரி எல்லைக் கோட்டை எதையும் கொண்டுவர மாட்டாள். பிரபுவின் மகள் பக்கத்து ராஜ்ஜியத்தோடு சமாதானத்தைக் கொண்டுவர மாட்டாள். கோட்டையும் சமாதானமும் வேண்டுமானால் நெருங்கிய சொந்தத்தில்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ரோமாபுரி எந்த நிமிடமும் கலைத்துவிடலாம். லியோன் அரசர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் சூதாடினார்கள் என்றே நான் சொல்வேன்.

நம் ஊர் முறைப்படி பார்த்தால் சங்கதி இன்னும் விசித்திரம். ஒன்பதாம் அல்ஃபோன்ஸோவுக்குத் தெரேசா தாய்மாமன் மகள், அசல் முறைப்பெண். பெரெங்கேலாவோ பெரியப்பா மகனுடைய மகள்; அண்ணன் மகள், மகள் முறை. நாம் பந்தி போட்டுக் கொண்டாடும் கல்யாணத்தை ரோமாபுரி கூடுதல் நெருக்கம் என்றது. நாம் காதைப் பொத்திக்கொள்ளும் கல்யாணம் அதன் கணக்கில் ஒரு படி தள்ளியே இருந்தது.

ஒன்பதாம் அல்ஃபோன்ஸோ 1188 ஜனவரியில் அரசரானபோது அவருக்கு 16 வயது. அவருடைய பெற்றோர் கல்யாணமே செல்லாததாகிவிட்டிருந்தது. தந்தையின் மூன்றாம் மனைவி உர்ராகா லோபெஸ் தே ஆரோ அந்த ஓட்டையைக் காட்டித் தன் மகன் சாஞ்சோவை அரியணையில் வைக்கப் பார்த்தாள், பலிக்கவில்லை. அந்த வருடமே அல்ஃபோன்ஸோ லியோனில் கூட்டிய அவையில் ஆயர்கள், பிரபுக்களோடு நகரங்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். அதன் ஆணைகளை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று லியோன்காரர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். உரிமை ஆட்டம் கண்ட ஒரு இளைஞனுக்கு ஆதரவு தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பெயரெண் பற்றி ஒரு வார்த்தை. லியோனில் அவருக்கு முன் எட்டாம் அல்ஃபோன்ஸோ கிடையாது. எட்டாமவர் காஸ்திலை 1158 முதல் 1214 வரை ஆண்ட, இவருடைய பெரியப்பா மகன். இரு ராஜ்ஜியங்களும் இணைந்தபின் வந்தவர்கள் எல்லா அல்ஃபோன்ஸோக்களையும் ஒரே வரிசையில் எண்ணியதால் வந்த வினை இது. லியோன் பட்டியலில் ஏழுக்கு அடுத்து ஒன்பது வந்தால் யாரோ விடுபட்டுவிட்டார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தெரேசாவை அவர் 1191இல் மணந்தார். மூன்று பிள்ளைகள்: பெர்னாண்டோ, சாஞ்சா, துல்ஸே. போப் மூன்றாம் செலஸ்டின் இந்த மணம் செல்லாது என்றார். லியோன், சலமாங்கா உள்ளிட்ட ஊர்களின் ஆயர்கள் சிலர் அரசர் பக்கம் நின்று தண்டனை வாங்கினார்கள். கடைசியில் தம்பதி பிரிந்தார்கள். தெரேசா போர்ச்சுகலுக்குத் திரும்பி, லொர்வாவோ மடத்தைச் சிஸ்டெர்சியத் துறவற சபையின் கன்னியர் மடமாக மாற்றி அங்கே தங்கினாள்.

1195 ஜூலையில் அலார்கோஸ் போரில் வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரசவம்சமான அல்மொஹாத்கள் காஸ்திலை நொறுக்கினார்கள். லியோன் அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி அல்மொஹாத்களோடு கைகோத்துக் காஸ்திலைத் தாக்கியது. இந்தச் சண்டையை முடிக்கத்தான் 1197இல் வயதோலிதில் பெரெங்கேலா கல்யாணம். இரு நாடுகளும் அடித்துக்கொண்ட எல்லைக் கோட்டைகளுக்கு ஒரு தந்திரம் செய்தார்கள். 1199 டிசம்பரில் எழுதிய பத்திரத்தில் அல்ஃபோன்ஸோ 30 கோட்டைகளை மனைவிக்கு மணக்கொடையாக எழுதிவைத்தார். கோட்டை லியோன் மண்ணில், உரிமை காஸ்தில் இளவரசிக்கு. கல்யாணம் நீடித்தால் சண்டைக்குக் காரணமே இல்லை. கல்யாணம் கலைந்தால்? அவளைத் தள்ளிவைத்தாலும் கோட்டைகள் அவளுக்கே என்பதால் கணவர் லேசில் தள்ளிவைக்க மாட்டார். போப் மூன்றாம் இன்னொசன்ட் இந்த முடிச்சைச் சரியாகவே பார்த்தார். கோட்டைகளைத் திருப்பித் தரச் சொன்னார்.

இன்னொசன்ட் 1198இல் ராய்னர் என்ற துறவியைத் தூதராக அனுப்பி லியோன் முழுவதும் வழிபாட்டுத் தடை விதித்தார். கோயில்கள் மூடின, திருப்பலி நின்றது. அடுத்த ஆண்டே அதைத் தளர்த்தவும் வேண்டிவந்தது. ரோமாபுரிக்குப் போன ஸ்பானிய ஆயர்கள் சொன்ன காரணங்கள் மிக உலகியலானவை. பிரசங்கம் இல்லாததால் மாற்றுக்கொள்கைக்காரர்கள் வளர்கிறார்கள். முஸ்லிம்களோடு போரிட மக்களை உசுப்ப ஆளில்லை. கோயில் மூடிக்கிடப்பதால் காணிக்கை நின்றுபோய்க் குருமார்கள் பிச்சையெடுக்கிறார்கள். போப் தடையை நாட்டின் மேலிருந்து எடுத்து அரசர் தலைமேல் வைத்தார். அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே மட்டும் வழிபாடு கிடையாது. இதற்கெல்லாம் மசியாமல் இருவரும் 1204 வரை சேர்ந்தே வாழ்ந்து ஐந்து பிள்ளை பெற்றார்கள். பிரிந்த பிறகும் பெரெங்கேலா ‘லியோன் ராணி’ என்ற பட்டத்தை விடவில்லை. தெரேசாவும் விடவில்லை. முறையாகக் கலைக்கப்பட்ட கல்யாணத்தின் ராணிகளை ‘முன்னாள் ராணி’ என்று எழுதும் பட்டியல்கள் அக்காலத்துக்கு இல்லாத சட்டத்தெளிவை அதன் தலையில் கட்டுகின்றன.

பிரிவுக்குப்பின் 1206 மார்ச் 26இல் கபிரேரோஸில் இரு அரசர்களும் செய்த உடன்படிக்கையில் பெரெங்கேலாவின் மகன் பெர்னாண்டோ பெயருக்குக் கோட்டைகள் போயின. லத்தீனில் அல்லாமல் மக்கள் பேசிய மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய அரச உடன்படிக்கைகளில் இது ஒன்று. எந்தக் கோட்டை யாருக்கு என்பதில் இனியும் வியாக்கியானத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரே தகப்பனுக்கு பெர்னாண்டோ என்று இரண்டு மகன்கள் இருந்ததைக் கவனித்தீர்களா? தெரேசாவின் பெர்னாண்டோ 1214இல் இறந்தான். பெரெங்கேலாவின் பெர்னாண்டோவோ 1217இல் காஸ்தில் அரசனானான். அவளுடைய தம்பி, சிறுவன் என்ரிகே, பாலென்சியாவில் தலையில் ஓடு விழுந்து ஜூன் 6 அன்று இறந்தான். பெரெங்கேலா அந்தச் சாவை மறைத்து, தோரோவில் தந்தையோடு இருந்த மகனை ஏதோ சாக்குச் சொல்லி வரவழைத்துக்கொண்டாள். காஸ்தில் உரிமை அவளுக்கு வந்தது. வயதோலிதில் அதை வாங்கிய கையோடு மகனுக்குக் கொடுத்தாள். ஏமாற்றப்பட்டது தெரிந்த அல்ஃபோன்ஸோ படையெடுத்துப் பார்த்துப் பலிக்காமல் 1218இல் சமாதானமானார். அதே ஆண்டு போப் மூன்றாம் ஹொனோரியஸ் பெர்னாண்டோவின் லியோன் வாரிசுரிமையை அங்கீகரித்தார். அல்ஃபோன்ஸோ இதை ஏற்கவில்லை. தெரேசாவின் மகள்கள் சாஞ்சாவையும் துல்ஸேயையும் வாரிசாக முன்நிறுத்தினார்.

சாஞ்சாவுக்கு ஒரு பலமான கணவன் கிடைத்திருந்தால் கதை மாறியிருக்கும். 1224இல் ஜெருசலேம் அரசர் ஜான் தே பிரியென் சந்தியாகோ யாத்திரைக்காக ஸ்பெயின் வந்தார். அல்ஃபோன்ஸோ அவருக்கு சாஞ்சாவைக் கட்டிவைத்து ராஜ்ஜியத்தையும் கொடுக்கத் தயாராக இருந்தார். பெரெங்கேலா முந்திக்கொண்டாள். வழியிலேயே அவரை வரவேற்றுத் தன் மகளை, தன் பெயரையே கொண்ட பெரெங்கேலாவை, மணமுடித்து வைத்துவிட்டாள். ஒரு படைகூட நகராமல் லியோனுக்கு வரவிருந்த மருமகன் கைமாறினான்.

ஒன்பதாம் அல்ஃபோன்ஸோ 1230 செப்டம்பர் 24 அன்று சாரியாவுக்கு அருகே இறந்தார். தெற்கே முஸ்லிம்கள் வசமிருந்த ஹாயேன் நகரின் முற்றுகையை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மகனை பெரெங்கேலா வழியில் சந்தித்து நேரே லியோனுக்கு விரட்டினாள். ஆயர்கள் பெரும்பாலும் அவன் பக்கம். சாமோரா நகரமோ சாஞ்சா, துல்ஸே பக்கம். உள்நாட்டுப் போர் தொடங்க எல்லாம் தயார். அப்போதுதான் அல்ஃபோன்ஸோவின் இரண்டு ராணிகளும், ஒருத்தி மடத்திலிருந்தும் ஒருத்தி காஸ்தில் அரசவையிலிருந்தும் வந்து, வலென்சியா தே டான் ஹுவான் என்று இன்று பெயருள்ள ஊரில் உட்கார்ந்து பேசினார்கள். டிசம்பர் 11 அன்று பெனவெந்தேயில் பத்திரம் முடிந்தது. சகோதரிகள் உரிமையை விட்டுக்கொடுப்பார்கள். பெர்னாண்டோ இருவருக்கும் சேர்த்து ஆயுள் முழுதும் வருடத்துக்கு 30,000 மரவேதி கொடுப்பார். உறுதிக்குப் பிணையாகக் கோட்டைகள். மரவேதி என்பது நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த தங்கக் காசு. முழுதும் தங்கமாகவே கொடுத்தால் வருடம் நூறு கிலோவுக்கு மேல். மலிவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே பணத்தில் இரண்டு வருடப் போரை நடத்தியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

பத்திரத்தில் தெரேசா தோற்றவள் என்று பல நூல்கள் எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணமாகாத இரண்டு மகள்கள், பிளவுபட்ட பிரபுக்கள், எதிரில் காஸ்தில் படை. அந்த நிலையில் மகள்களுக்கு உயிரும் வருமானமும் கோட்டைப் பிணையும் வாங்கிக்கொடுத்தாள். பெரெங்கேலா 1246இல் இறந்து புர்கோஸின் லாஸ் உவெல்காஸில் அடக்கமானாள். தெரேசா 1250 வரை லொர்வாவோவில் வாழ்ந்தாள். 1705இல் திருச்சபை அவளை முத்திப்பேறு பெற்றவளாக அறிவித்தது. அவள் கல்யாணத்தைச் செல்லாது என்றதும் அதே திருச்சபைதான்.

பட்டியலின் கடைசி வரியைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். பெர்னாண்டோவின் மனைவி ஸ்வாபியாவின் பெயாத்ரிஸ், ஜெர்மானியக் குடும்பத்துப் பெண். நெருங்கிய சொந்தத்தில் மணந்து கையைச் சுட்டுக்கொண்ட பெரெங்கேலா மகனுக்காகத் தூரத்தில் தேடிப் பிடித்த மருமகள். கல்யாணம் 1219 நவம்பரில் புர்கோஸில் நடந்தது. அதனால் பல பட்டியல்கள் லியோன் ராணியாகவும் அவளை 1219இலிருந்தே போடுகின்றன. காஸ்திலுக்கு அது சரி. லியோனுக்கு 1230 என்று திருத்த வேண்டும். அந்தப் பதினொரு வருடமும் லியோனில் வேறொரு அரசர் ஆண்டுகொண்டிருந்தார். முடிவு ஆண்டு இரண்டு ராஜ்ஜியத்துக்கும் ஒன்றுதான்: 1235 நவம்பர், தோரோ.